ரீலோடிங் பிரஸ்ஸைச் சென்னைக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் 19 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு நங்கநல்லூருக்கே திரும்பிவிடப் போகிறவர். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, மறுபடி மருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்திச் சுடும் ரீலோடிங் பழக்கம் அவருக்கு அங்கே இருந்திருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, வேலை மாற்றம் என்று ஆறேழு ஆண்டுகள் விட்டுப்போன அதைச் சென்னையில் ஓய்வாக மறுபடி தொடங்க ஆசைப்படுகிறார். தோட்டா நிரப்பும் கைப்பொறியான ஒரு பிரஸ், கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகளான மூன்று செட் டை, தராசு, ஒரு வாளி நிறைய 9 எம்.எம்., .30-06 கூடுகள் ஆகியவற்றைக் கப்பலில் வரும் வீட்டுச் சாமான்களோடு அனுப்பலாமா, பிரைமரும் (கூட்டின் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி) பவுடரும் (வெடிமருந்து) சென்னையில் எங்கே கிடைக்கும், சென்ற ஆண்டு காலமான அப்பாவின் பெயரில் 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் சிக்கல் வராது அல்லவா, 17 வயது மகனுக்கும் இதைக் கற்றுத்தரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், அனுப்பாதீர்கள் என்பதுதான். நானும் இதே கேள்வியோடு ஊர் திரும்பியவன் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒஹையோவில் உலோகப் பொறியாளராக இருந்த 11 ஆண்டுகளில் வீட்டின் நிலவறையில் ஒரு மரமேசை போட்டு ரீலோடிங் செய்துவந்தேன். 2012-இல் திருவான்மியூருக்குக் குடிவந்தபோது பிரஸ்ஸை ஒரு நண்பரின் கேரேஜில் விட்டுவந்தேன். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் சட்டப் பிரிவுகளை வரிவரியாகப் படித்ததுதான் என்னைத் தடுத்தது.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் தயாரிப்பாளர் உரிமம் கேட்பார்கள். அந்த வேறுபாட்டுக்கு நாம் பழகிவிட்டதால், ‘நான் யாருக்கும் விற்கவில்லையே’ என்ற வாதம் இங்கேயும் செல்லும் என்று மனம் நம்புகிறது. ஆனால் இங்கே, 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தில் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதற்கு 3-ஆம் பிரிவு. தயாரிப்பதற்கும் விற்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் 5-ஆம் பிரிவு. இரண்டும் தனித்தனி உரிமங்கள். 5-ஆம் பிரிவிலேயே, தம்முடைய தனிப்பட்ட உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியையோ தோட்டாவையோ உரிய முறையில் இன்னொருவருக்கு விற்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ‘தனிப்பட்ட உபயோகம்’ என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள், விற்பனைக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள், தயாரிப்புக்குக் கொடுக்கவில்லை. ஆகவே வீட்டு மேசையில் ஐம்பது தோட்டா நிரப்புவதும் உரிமம் இல்லாத தயாரிப்புதான். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டுச் சிறை. மேல்வரம்பு ஆயுள் சிறை.

இதைவிட முக்கியமானதும் பலரும் கவனிக்கத் தவறுவதும் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உள்ள வரையறை. ‘அம்யூனிஷன்’ என்றால் முழுத் தோட்டா மட்டும் என்றுதான் நாம் நினைப்போம். அந்த வரையறையோ தோட்டாவின் பாகங்களையும், துப்பாக்கிக்கான மருந்து நிரப்பலையும் அதன் துணைப்பொருள்களையும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே அம்யூனிஷன் என்கிறது. அப்படியானால், எண்ணெய் போட்டுத் துடைத்து மரப்பெட்டியில் வைத்திருக்கும் உங்கள் வார்ப்பிரும்பு பிரஸ், அருகில் ஒரு துளி மருந்துகூட இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் அம்யூனிஷன் ஆகிவிடக்கூடும். அம்யூனிஷனை நாட்டுக்குள் கொண்டுவர 10-ஆம் பிரிவின் கீழ் இறக்குமதி உரிமம் வேண்டும். கப்பலில் வரும் வீட்டுச் சாமான் பட்டியலில் ‘கைக்கருவிகள்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து டையின் மேல் பொறித்திருக்கும் ‘9 எம்.எம். லூகர்’ என்ற எழுத்தைப் படித்துவிட்டால், சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை அன்றைக்கு விளக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையதாகிவிடும். கூடவே, 9 எம்.எம். இங்கே தடை செய்யப்பட்ட போர் வகை. தனியாருக்கு அந்தத் துப்பாக்கிக்குச் சாதாரணமாக உரிமம் கிடைக்காது என்பதால் அந்தக் கூடுகளுக்கு நீங்கள் சொல்லக்கூடிய நியாயமான காரணம் ஒன்றுமே இல்லை.

அம்பத்தூரில் தெரிந்த லேத் பட்டறையில் டை கடைந்துகொள்ளலாமே என்று என்னிடம் ஒருவர் கேட்டதுண்டு. கடைந்து தர முடியும், சந்தேகமில்லை. அங்கே மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் கைகள் இருக்கின்றன. ஆனால் பட்டறைக்காரரையும் வழக்கில் இழுத்துவிடுவீர்கள். அவருக்கு அந்தக் கருவி எதற்கென்றே தெரியாமல் இருக்கும்.

பிரைமரும் பவுடரும் எங்கே கிடைக்கும் என்பதற்கு நான் விலாசம் சொல்லப் போவதில்லை. சொல்ல விலாசமும் கிடையாது. வெடிமருந்துகளுக்கென்று 1884-ஆம் ஆண்டுச் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் தனியாக இருக்கின்றன. டெக்சாஸில் வேட்டைக் கடையின் அலமாரியில் பருப்பு டப்பாபோல அடுக்கியிருக்கும் புகையற்ற மருந்து, இங்கே சில்லறைப் பொருளாகப் புழங்குவதில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் உரிமக்காரருக்குக் கிடைப்பது தொழிற்சாலைத் தோட்டாதான். 12 போர் என்றால் பெரும்பாலும் புனே அருகே கட்கி தொழிற்சாலையின் சக்திமான். மருந்து செய்யும் கலை நமக்கு அந்நியமானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஊட்டி மலைரயிலில் குன்னூரையும் வெலிங்டனையும் தாண்டியதும் வரும் அருவங்காடு நிலையத்தை ஒட்டியிருக்கும் கார்டைட் தொழிற்சாலை, நூற்றாண்டுக்கு மேலாகத் துப்பாக்கி, பீரங்கி மருந்துகளைத் தயாரித்துவருகிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது கட்கியும் அருவங்காடும் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. விமானத்தில் எடுத்துவரலாமா என்றால், கைப்பையிலும் சரி, சரக்குப் பெட்டியிலும் சரி, தனி பிரைமருக்கும் தனி பவுடருக்கும் அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையே அனுமதி தருவதில்லை.

வாளியில் இருக்கும் வெற்றுக் கூடுகள் வேறு கணக்கு. படைக்கலச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பொருந்தும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு அளிக்கிறது. மேசையில் பேனா ஸ்டாண்டாக நிற்கும் ஒரு பழைய பித்தளைக் கூடு அந்த விலக்குக்குள் வரும் என்று வாதிடலாம். அதே கூடு ஆயிரம் எண்ணிக்கையில், அளவு வாரியாகப் பிரித்து, டையும் பிரஸ்ஸும் பக்கத்தில் இருக்க வைக்கப்பட்டிருந்தால், எண்ணமில்லை என்று யாரிடம் சொல்வது? பொருள்களின் சேர்க்கையே எண்ணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. தவறு முழுக்க என்னுடையது. ஊர் திரும்பி நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் உள்நாட்டு விமானப் பயணத்தில், ஒஹையோ காலத்துத் தோள்பையை எடுத்துப் போயிருந்தேன். சோதனைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் கையை உயர்த்தி வரிசையை நிறுத்தினார். பையின் உள்ளுறைத் துணி கிழிந்து, அந்தக் கிழிசலுக்குள் இரண்டு சுட்ட 9 எம்.எம். கூடுகள் புகுந்திருந்தன. பிரைமரில் ஊசி குத்திய தழும்பு தெரிந்ததாலும், உள்ளே மருந்தோ முன்னே குண்டோ இல்லாததாலும், எழுதிவாங்கிக்கொண்டு மூன்று மணி நேரத்தில் விட்டார்கள், விமானம் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரே ஒரு முழுத் தோட்டா இருந்திருந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டிருப்பார்கள். பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருப்பதே சட்டம் சொல்லும் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. மறதியாகப் பையில் கிடந்த தோட்டாவுக்காகப் போடப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தும் இருக்கின்றன. ஆனால் ரத்து என்பது வழக்கறிஞருக்குப் பணம் கட்டி, பல மாதம் அலைந்த பிறகு கிடைப்பது. புறப்படும் முன் உங்கள் ஜாக்கெட் பைகளையும், சுடுதளமான ரேஞ்சுக்கு எடுத்துப்போன எல்லாப் பைகளையும் உள்வெளியாகப் புரட்டி உதறுங்கள். குழந்தைகளின் பென்சில் பெட்டியையும் பாருங்கள். பளபளக்கும் கூட்டைப் பிள்ளைகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு புதிதாக இருக்காது. .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு சுட்டால் ஐந்து வெற்றுக் கூட்டையும் எண்ணி ஒப்படைத்த பிறகே ரேஞ்சைவிட்டு வெளியே போக முடியும். ஒன்று குறைந்தால் மொத்தப் படைப்பிரிவும் மண்டிபோட்டுப் புல்லைத் துழாவும். இத்தனைக்கும் அந்த .22 கூட்டை மறுபடி நிரப்பவே முடியாது. தட்டினால் தீப்பற்றும் மருந்து தனி பிரைமரில் இல்லாமல் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதுதான் காரணம்.

இப்போது அப்பாவின் துப்பாக்கி. உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். நீங்கள் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உரிமம் அப்பாவின் பெயரில் இருந்தது; அவரோடு அது முடிந்துவிட்டது. துப்பாக்கி இன்னும் பீரோவில் இருந்தால், உங்கள் அம்மா உரிமமில்லாமல் அதை வைத்திருக்கிறார் என்று பொருள். 21-ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ அதை ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பீரோவின் மூலையில் மிச்சமிருக்கும் பழைய தோட்டாக்களையும் சேர்த்து எண்ணி எழுதிக் கொடுங்கள். இதை இன்றைக்கே தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லி, வழக்கறிஞர் ஒருவரையோ உறவினர் ஒருவரையோ உடன் அனுப்பிச் செய்யுங்கள். ஒப்படைப்பதால் துப்பாக்கி பறிபோய்விடாது. வாரிசு உரிமத்துக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. உரிமம் கிடைத்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சென்னைக் காவல் எல்லைக்குள் உரிமம் தருபவர் காவல் ஆணையர், மற்ற மாவட்டங்களில் ஆட்சியர். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை முதலிலேயே சேர்த்துவையுங்கள்; அக்கா தங்கைகள் வெவ்வேறு ஊரில் இருந்தால் கையெழுத்து வாங்குவதற்கே காலம் பிடிக்கும். உரிமம் கிடைத்த பிறகும், தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து அழைப்பு வரும். அது வழக்கமான நடைமுறை; பதற வேண்டாம்.

அந்த உரிமம் கைக்கு வந்தாலும் அது வைத்திருப்பதற்கான உரிமம்தான். கிராமத்து நாட்டுத்துப்பாக்கி, உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்களே, அது குழல்வாய் வழியாகக் கருமருந்தைக் கெட்டித்து, ரவை போட்டு, கேப் வைத்துச் சுடுவது. சுடுவதே நிரப்பித்தான் என்பதால் ‘அவர்கள் செய்கிறார்களே’ என்று ஒப்பிடத் தோன்றும். 12 போர் தோட்டாவை வீட்டில் நிரப்புவதற்கு அது சான்றாகாது. வேட்டைக்காகத் தோட்டா சேர்க்கும் காலமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு போய்விட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்களை நான் இந்தப் பொழுதுபோக்கிலிருந்து முழுதாக விரட்டப் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் போவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கருவிகளை அங்குள்ள மைத்துனர் வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த இரண்டு மாதத்தில் அங்கே ரீலோட் செய்யுங்கள். ஆறேழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் பித்தளை. சுடும்போது கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்குகிறது. டையில் திணித்து அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் இறுகி, கழுத்து விறைத்து, கடைசியில் கீறுகிறது. .30-06 போன்ற கழுத்துள்ள கூடுகளில் இதைவிட மோசமான இடம் அடிப்பக்கம். உலோகம் முன்னோக்கி நகர்வதால் அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, வெளியே ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையை மட்டும் கொக்கிபோல வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில் கொக்கி ஒரு பள்ளத்தில் விழுந்து தடுக்கும். விரல்நுனிக்குத் தெரியும் அந்தச் சிறு தடுக்கலை ஒருமுறை உணர்ந்தவருக்கு மறக்காது. தடுக்கிய கூடுகளை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடுங்கள்.

எங்கள் தொழிலில் பாடமாகவே சொல்லப்படும் ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைக் கூடுகள், மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் தாமாகவே வெடிப்பு விட்டிருக்கும். பருவத்தை ஒட்டி வந்ததால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் வந்தது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினார்கள்: குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும் சேர்ந்த வேலை. கழுத்தைச் சூடுகாட்டித் தளர்த்தினால் பிரச்சினை அடங்கும். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷால் கூடுகளைத் துலக்கக் கூடாது என்று ரீலோடிங் கையேடுகள் இன்றும் எச்சரிப்பதன் பின்னணி இதுதான்.

அடுத்தது மருந்து. புகையற்ற மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மெல்லமெல்லச் சிதையக்கூடியது என்பதால் டைஃபினைலமின் போன்ற நிலைப்படுத்தி சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்துவிட்டால் சிதைவு வேகமெடுக்கும், வெப்பம் அதை இன்னும் விரட்டும். டெக்சாஸ் கேரேஜின் கோடை நம் அக்கினி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம், அந்தச் சூட்டில் ஆறேழு கோடை இருந்தது உங்கள் மருந்து டப்பா. மூடியைத் திறந்ததும் புளித்த காடி நெடி மூக்கில் ஏறினாலோ, செம்பழுப்புப் புகையோ துருப்போன்ற தூளோ தெரிந்தாலோ, யோசிக்காமல் அந்தக் கம்பெனியின் குறிப்புப்படி அழித்துவிடுங்கள். பெயர்ச்சீட்டு உரிந்துபோன டப்பா எவ்வளவு நல்ல மணமாக இருந்தாலும் கழிவுதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துகள் எரியும் வேகத்தில் எங்கோ எட்டத்தில் இருக்கும்.

பழைய நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் அளவுகளை நம்பி ஆரம்பிக்காதீர்கள். புதிய பதிப்புக் கையேடு ஒன்றை வாங்கி, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து மேலே ஏறுங்கள். அளவெல்லாம் கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். நம் தட்டார்களின் ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். அந்தக் குன்றிமணியில் பாதி, கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு மருந்து கூடுவதென்றால், அது ஆபத்தான மிகை. ஆகவே தராசைச் சோதனை எடைகள் வைத்துச் சரிபார்க்காமல் ஒரு கூட்டைக்கூட நிரப்பாதீர்கள்.

மருந்து கூடினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்தே இல்லாவிட்டாலும் ஆபத்து என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நிரப்பிக்கொண்டிருக்கும்போது சென்னையிலிருந்து அம்மாவின் தொலைபேசி வந்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை ரேஞ்சில் ஏழாவது தோட்டா ‘டப்’ என்று வெடிக்கவில்லை. தலையணையில் தட்டியதுபோல ‘பொத்’ என்றது. கையில் உதைப்பும் இல்லை. அடுத்ததைச் சுட விரல் மடங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தடத்தில் நின்ற கிழவர் ‘நிறுத்து!’ என்று கத்தினார். பிரித்துப் பார்த்தால், பிரைமரின் வேகம் மட்டுமே தள்ளிய குண்டு குழலுக்குள் பாதி தூரத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும், என் இடது கையும்தான். அன்றிலிருந்து ஐம்பது கூடுகளையும் மரத்தட்டில் நிறுத்தி நிரப்பிய பிறகு, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு வாயிலும் மருந்தின் மட்டத்தைப் பார்ப்பேன். பிறகுதான் குண்டு. மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பா மட்டும், தொலைபேசி வேறு அறையில்.

பிரைமர் பற்றி ஒரு சிறு வேடிக்கை: அமெரிக்கக் கூடுகளில் இருப்பது நடுவில் ஒற்றைத் துளையுள்ள பாக்ஸர் வகை, ஆங்கிலேயத் தளபதி ஒருவர் கண்டது. ஐரோப்பாவிலும் ராணுவக் கூடுகளிலும் பரவியது இரு துளை பெர்டான் வகை, அதைக் கண்டவர் அமெரிக்கர். ரீலோடிங் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பரவியதற்கு, நடுத்துளை வழியாக ஒரு குச்சியால் பழைய பிரைமரைச் சுலபமாகத் தள்ளிவிட முடிந்ததும் ஒரு காரணம். அந்தப் பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. கூடு துலக்கும் வேலையைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மீதிப் பத்து மாதம் சென்னையில் என்ன செய்வது, மகனுக்கு எதைக் கற்றுத்தருவது என்பதற்கு என் பதில் 10 மீட்டர் ஏர் ரைபிள். .177 அளவுக்குள், 20 ஜூலுக்கு மேற்படாத காற்றுத்துப்பாக்கிக்கு 2016 விதிகளின்படி படைக்கல உரிமம் தேவையில்லை. மகன் முறையான பயிற்சியாளரிடம் கற்பது நல்லது. நங்கநல்லூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேளச்சேரி குருநானக் கல்லூரி வளாகத்தில் ரேஞ்ச் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் துப்பாக்கிச் சுடுதல் அங்கேதான் நடந்தது. சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது, உரிம மனு கொடுக்கும் புதிய ஆணையர் அலுவலகம் வேப்பேரியில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடிகர் அஜித்குமாரே 2021-இல் கிளப்புக்குப் போக வாடகைக் காரில் ஏறி வேப்பேரியில் போய் இறங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்த ஏர் ரைபிளில்தான் இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டார் என்று மகனிடம் சொல்லுங்கள்.

‘ரீலோட் செய்த கைக்கு இது போதுமா’ என்று கேட்பீர்கள். ரீலோடிங்கில் உங்களைப் பிடித்து வைத்திருந்தது மருந்தின் நெடியாக இருந்தால், போதாது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அந்தப் பித்தாக இருந்தால், இங்கே வேலை நிறைய இருக்கிறது. ஏர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். பால்பேனாவின் ஒரு புள்ளி. அதைத் தொடப் போகும் ஈயப் பெல்லட்டின் எடை 0.53 கிராம். ஒரே டப்பாவில் 0.52-உம் 0.54-உம் கலந்து கிடக்கும், பாவாடைபோல விரிந்த பின்விளிம்பு நசுங்கியவை தனி. தலையின் விட்டம் 4.49, 4.50 என்று தனித்தனி டப்பாக்களில் வருகிறது. எந்த அளவும் எந்தத் தொகுப்பும் உங்கள் குழலுக்குப் பொருந்துகிறது என்பதைத் துப்பாக்கியை இடுக்கியில் பூட்டி, பத்துப் பத்தாகச் சுட்டுத் துளைக்கூட்டத்தை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பவுடர் தராசையும் அங்கேயே விட்டுவாருங்கள். சவுகார்பேட்டை என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் தராசுகளில் மில்லிகிராம் காட்டுவது கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா பெல்லட்டும் நான்கு கிண்ணமும் எடுத்துவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். காற்றுப் பட்டால் கடைசி இலக்கம் நிற்காது. வியர்க்கும், துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.